பொருள்: ‘கிராமர் ஸ்டேஜ்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் செவ்வியல் கல்விமுறைப்படி பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லும் குடும்பங்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறோம். படிக்கப்போவது பெரும்பாலும் உடனிருக்கும் தாத்தா பாட்டிகள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முட்டி நிற்பது ‘ட்ரிவியம்’ (இடைக்கால ஐரோப்பாவில் முதலில் படித்த மூன்று கலைகள்) என்ற சொல்லும் அதன் கிராமர், லாஜிக், ரெட்டரிக் (பிறர் மனம் கொள்ளும்படி உரைக்கும் கலை) என்ற மூன்று படிகளும்தான். இலக்கணப் பருவம், தருக்கப் பருவம், அணிப் பருவம் என்று வரைவில் போட்டோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு நாலு வருஷம் இலக்கணமா என்று மெய்ப்புப் பார்த்தவர்கள் கேட்கிறார்கள்.
— ம.

---

அவர்கள் கேட்டது நியாயம். இங்கே கிராமர் என்பது எந்தத் துறைக்கும் உரிய முதற்சரக்கு. கணக்குக்கு வாய்ப்பாடு, வரலாற்றுக்கு ஆண்டும் அரசர் பெயரும், லத்தீனுக்கு ‘அமோ, அமாஸ், அமாட்’ என்ற வினை வாய்ப்பாடு, அறிவியலுக்கு எலும்புகளின் பெயர். போதாக்குறைக்கு, அதே பக்கத்தில் ‘லத்தீன் கிராமர்’ என்று உண்மையான இலக்கணமும் வரும். ‘அணி’யும் சரியில்லை. ரெட்டரிக்கின் ஐந்து உறுப்புகள்: பொருள் தேடல், ஒழுங்குபடுத்தல், நடை, நினைவிலிருத்தல், அவையில் உரைத்தல். அணி அவற்றுள் நடைக்குள் அடங்கிவிடும்.

இடைக்காலக் கலைகள் மூன்றையும் பிள்ளை வளர்ச்சியின் மூன்று படிகளோடு பொருத்தியவர் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ், 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய உரையில். முதல் படிக்கு அவர் வைத்த பெயரே கிளிப்பிள்ளை. இன்றைய வீட்டுக்கல்வியில் அது ஏறத்தாழ 6 முதல் 10 வயது வரை. வரலாற்றை நான்கு ஆண்டுச் சுற்றாக, 12 ஆண்டில் மூன்று முறை சுற்றி வருகிறார்கள். அதே எகிப்து முதல் சுற்றில் கதை, இரண்டாம் சுற்றில் காரண காரியம், மூன்றாம் சுற்றில் மூலநூல் வாசிப்பு. மூன்று பெயரும் இந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.
— வ.

---

‘இலக்கணம்’ வேண்டாம் என்று அவசரப்பட வேண்டாம். அது லட்சணத்தின் திரிபு என்பதை நான் ஏற்பதில்லை; இலக்கு என்னும் அடியிலிருந்து வந்தது என்பதே என் துணிபு. ஒரு துறையின் இலக்கு எதுவோ அது இலக்கணம். இந்தப் பொருளில் வரலாற்றுக்கும் இலக்கணம் உண்டு.

‘ட்ரிவியம்’ என்பதற்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. லத்தீனில் மூன்று சாலை கூடும் இடம். நம்மிடம் முச்சந்தி இருக்கிறது! அடுத்து வரும் கணக்கு, வடிவியல், இசை, வானியல் ஆகிய நான்கும் ‘குவாட்ரிவியம்’, அதாவது நாற்சந்தி. வேண்டுமானால் சதுக்கம். ‘சதுக்கமும் சந்தியும் புதுப்பூங் கடம்பும்’ என்று திருமுருகாற்றுப்படை இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. புகாரின் சதுக்கப் பூதத்தையும் நினைக்கலாம்...
— ச.

---

ஐயா, பூதத்தை விட்டுவிடுவோம். திருஷ்டி கழித்துப் போடும் இடம் முச்சந்தி. ‘முச்சந்தியில் நிறுத்திவிட்டான்’ என்பதற்கு என்ன பொருள் என்று எந்தப் பாட்டியும் சொல்வார். பேரனின் கல்விக்கு அந்தப் பெயரா?

‘முப்பருவக் கல்வி’யும் ஆகாது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012 முதல் முப்பருவ முறை என்றாலே ஆண்டுக்கு மூன்று பருவப் புத்தகங்கள். ‘நிலை’ என்றால் தொடக்கநிலை, மேல்நிலையோடு குழம்பும். முதல் படிக்கு ‘மனப்பாடப் பருவம்’ என்று வையுங்கள். எல்லாருக்கும் புரியும்.
— க.

---

‘மனனம்’ என்று யாரும் கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன். வேதாந்தம் சொல்லும் சிரவணம் (கேட்டல்), மனனம், நிதித்தியாசனம் (ஆழ்ந்து தியானித்தல்) என்ற வரிசையில் மனனம் என்பது கேட்டதை ஆராய்தல். அது இரண்டாம் படிக்கே பொருந்தும்.
— ச.

---

மனப்பாடம் என்றால் முதல் படியில் பாதி விடுபட்டுவிடும். மீதிப் பாதி கையேட்டில் ‘நேரேஷன்’ என்று வருவது. செய்முறை இதுதான்: ஒரு பகுதியை ஒரே முறை வாசிக்க வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு, பிள்ளை தன் சொல்லில் இரண்டு மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். எழுதவராத வயதில் பெரியவர் அப்படியே எழுதிக்கொள்வார். மறுநாள் அதிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிள்ளை பார்த்து எழுதலாம்.

கெடுவது எங்கே என்றால், பிள்ளை கேட்கும்போதெல்லாம் திரும்ப வாசித்துக் காட்டினால் முதல் தடவை காது கொடுக்கும் பழக்கமே வராது. பத்தி நீண்டால் கடைசி வரி மட்டும் மிஞ்சும். பெரியவர் இடையில் ‘அப்புறம் ராஜா என்ன செய்தார்?’ என்று எடுத்துக் கொடுத்தால், எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்கும் வேலை பிள்ளையிடமிருந்து போய்விடும். புத்தக வரியையே பிள்ளை சொன்னால் அது ஒப்பித்தல். கையேட்டில் ‘மனப்பாடம்’ என்று போட்டால் தாத்தாக்கள் அந்த ஒப்பித்தலைத்தான் கேட்டு வாங்குவார்கள். தவறு நம்முடையதாகிவிடும்.
— வ.

---

நன்னூல் பொதுப்பாயிரத்திலேயே விடை இருக்கிறது. ‘வழக்கறிதல் பாடம் போற்றல் கேட்டவை நினைத்தல்’ என்று தொடங்கி ‘வினாதல் வினாயவை விடுத்தல்’ என்று போகிறது மாணவனின் கடமை. ஆசான் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால்பங்குதான். உடன் பயில்வோரோடு பயின்றால் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்குச் ‘செவ்விதின் உரைப்ப’ வருவது. போற்றல், வினாதல், உரைத்தல் என்று மூன்றும் வரிசையாகவே கிடைக்கின்றன. போற்றற் பருவம், வினாதற் பருவம், உரைத்தற் பருவம்.
— ந.

---

அழகுதான் அம்மா. ஆனால் இன்று போற்றல் என்றால் புகழ்தல். ‘போற்றற்’, ‘உரைத்தற்’ என்று றகர ஒற்றோடு தலைப்பு வந்தால் பாதிப்பேர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பெயரெச்சமாக வையுங்கள்: திரட்டும் பருவம், வினவும் பருவம், உரைக்கும் பருவம். பிள்ளை என்ன செய்கிறதோ அதுவே பெயர்.
— க.

---

திரட்டும் என்பதில் மனப்பாடமும் அடங்கும், பட்டியலும் அடங்கும், நேரேஷனும் அடங்கும். எனக்குச் சம்மதம். ‘பருவம்’ இருக்கட்டும், பிள்ளைத்தமிழின் பத்துப் பருவம் கேட்ட காதுக்கு அது அந்நியமில்லை. நேரேஷனுக்கு ‘திருப்பிச் சொல்லல்’ போதுமா?
— வ.

---

‘தன்சொல்லில் கூறல்’. திருப்பிச் சொல்வது கிளி.
— ந.

---

ட்ரிவியத்துக்கு ‘முந்நெறி’ என்று நேற்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். புணர்ச்சி சரி. ஆனால் வாசித்துக் காட்டும்போது முன்னெறி என்றே காதில் விழுகிறது. முன்னால் உள்ள நெறி என்று நினைப்பார்கள். ‘முக்கலை’க்கு இந்தத் தொல்லை இல்லை. குவாட்ரிவியம் நாற்கலை ஆகிவிடும், இரண்டும் சேர்ந்தால் எழுகலை.

ஆகவே முக்கலை, திரட்டும் பருவம், வினவும் பருவம், உரைக்கும் பருவம், தன்சொல்லில் கூறல். நன்னூல் வரிகளை முன்னுரையில் சேர்க்கிறேன். லத்தீன் கிராமர் இலக்கணமாகவே இருக்கும். வேறு மறுப்பு இருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்.
— ம.

---

மறுப்பு உண்டு. கலை என்றால் பாட்டி பரதநாட்டியத்தை நினைக்கமாட்டாரா? மூன்று சாலை கூடும் இடம் என்ற காட்சி முக்கலையில் இல்லை; லாஜிக்கும் ரெட்டரிக்கும் மொழியில் வந்து சேர்கின்றன என்பதே அந்தச் சொல்லின் உயிர். திருஷ்டிப் பூசணிக்காய் ஒரு சொல்லை விலக்கக் காரணமாகாது. என் வாக்கு முச்சந்திக்கே. எதிர்வாக்கு என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.
— ச.