இயர்போனின் வயரை வீட்டிலேயே மாற்றலாமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
வணக்கம். என்னுடைய இயர்போனின் வலப்பக்கம், வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் மட்டுமே ஒலிக்கிறது. திருத்துமிடத்தில் காட்டியபோது, கூலிக்குப் புதியதே வாங்கலாம் என்றார்கள். ஆனால் இதன் ஒலி எனக்குப் பழகியது; எறிய மனமில்லை. என்னிடம் பற்றாசுக்கோலும் (ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டும் சூட்டுக்கோல்) மல்டிமீற்றரும் உள்ளன. வேறொரு பழைய இயர்போனின் வயரை எடுத்து இதற்குப் பொருத்த எண்ணியுள்ளேன். காதில் வைக்கும் பகுதியின் ஒட்டப்பட்டுள்ள கோதை (வெளி மூடியை) எவ்வாறு திறப்பது? இது மைக் உள்ள, நான்கு தொடுகைகளைக் கொண்ட பிளக்.

பழைய றேடியோ (கல்முனை):
தம்பி, கோதில் கை வைப்பதற்கு முன் வயர் அறுந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். இப்போதைய கைத்தொலைபேசிகளுக்குரிய பெரும்பாலான பிளக்குகளில் நுனி இடப்பக்கத்துக்கும், அடுத்த வளையம் வலப்பக்கத்துக்கும், மூன்றாவது தொடுகை எல்லாவற்றுக்கும் பொதுவான கம்பிக்கும், அடிப்பகுதி மைக்குக்கும் உரியவை. மல்டிமீற்றரைத் தடை அளக்கும் நிலையில் வைத்து, இரண்டாம் மூன்றாம் தொடுகைகளில் பிடித்துக்கொண்டு, பிளக்கிலிருந்து காதுப்பக்கம் வரை வயரைச் சிறிது சிறிதாக வளைத்துப் பாருங்கள். நல்ல நிலையில் 16 அல்லது 32 ஓமுக்கு அண்மித்த பெறுமானம் காட்டும். எந்த இடத்தில் வளைக்கும்போது அது துள்ளுகிறதோ அங்கேதான் முறிவு இருக்கிறது. பிளக்கின் கழுத்திலென்றால் கோதைத் திறக்கவே தேவையில்லை. அவ்விடத்தை வெட்டிவிட்டுப் புதிய 3.5 மில்லிமீற்றர் பிளக் பொருத்தினால் போதும்.

வாவிக்கரை:
மிக்க நன்றி அண்ணா. அளந்து பார்த்தேன், வலக் காதுக் கோதின் கழுத்தருகில்தான் பெறுமானம் துள்ளுகிறது.

பழைய றேடியோ (கல்முனை):
அப்படியானால் திறக்கத்தான் வேண்டும். பொருத்து விளிம்பை முடி உலர்த்தியால் இளஞ்சூடாக்கினால் பசை இளகும். பிறகு மெல்லிய கத்தி நுனியை விளிம்பில் வைத்து, ஆழமாக இறக்காமல், சுற்றிவர நெம்புங்கள். எந்த நிறக் கம்பி எந்தப் புள்ளியில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் படமெடுத்து வையுங்கள்.

இந்த வேலையில் பலரும் சலித்துப்போகும் இடம், பற்றாசு ஒட்டாமல் உருண்டு விழுவதாகும். உள்ளேயுள்ள மயிர்போன்ற செப்பு இழைகள் நிறமுள்ள மெல்லிய காப்புப் பூச்சுடன் வருகின்றன. அது நீங்காமல் ஒட்டாது. லைட்டரால் எரிக்க வேண்டாம், இழை கருகி எளிதில் முறிந்துவிடும். கோலை ஏறத்தாழ 380 பாகை செல்சியசில் வைத்து, நுனியில் புதிய பற்றாசுத் துளியொன்றை உருக்கி, கம்பியின் முனையை அதற்குள் புகை அடங்கும்வரை வைத்திருங்கள். வெள்ளிபோல் மின்னினால் சரி. சன்னலைத் திறந்து வையுங்கள். கோதுக்குள் பிடிக்கும்போது இரண்டு விநாடிக்கு மேல் கோலை வைக்கக் கூடாது. ஒலியெழுப்பும் சுருளின் நுண்கம்பியும் அதே புள்ளியில்தான் இருக்கும். கோதுக்குள் இருக்கும் காந்தம் கோலின் நுனியையே இழுக்குமாதலால் கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். வயரைக் கோதின் துளைக்குள் விட்ட பின், பற்றாசு பிடிக்குமுன் உள்ளே ஒரு முடிச்சுப் போடுங்கள்; இல்லையேல் முதல் இழுவையிலேயே கழன்றுவிடும்.

அக்கரைப்பற்றான்:
அண்ணன் சொன்னவற்றோடு ஒன்று. கழுத்தில் மட்டும் அறுந்திருந்தால் வேறு வயர் தேடத் தேவையில்லை. ஓர் அங்குலம் வெட்டிவிட்டு அதே வயரைத் திரும்பப் பிடிக்கலாம், மைக்கும் தப்பும். ஆனால் வெட்டிய இடத்தில் செம்பு பச்சை நிறமாக இருந்தால், பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே செல்லுங்கள். வியர்வையும் நமது கடற்கரை உப்புக்காற்றும் உள்ளே இறங்கிய வயர்களில் அந்தப் பச்சை வெகுதூரம் ஓடியிருப்பதுண்டு. அப்படியென்றால் முழு வயரையும் மாற்றுவதே நல்லது. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள இயர்போன்களில் இவ்வளவு பாடில்லை.

பசையிட்டு மூடுமுன் ஒருவர் பேசும் பதிவொன்றைக் கேளுங்கள். குரல் தலையின் நடுவில் நிற்காமல் இருபுறமும் சிதறி, அடித்தொனி மெலிந்து கேட்டால், வலப்பக்கத்தின் இரு கம்பிகளும் இடம் மாறியுள்ளன. அவற்றை மாற்றிப் பிடித்தால் போதும்.

வாவிக்கரை:
உள்ளே செம்பு பச்சையாகத்தான் இருந்தது. இரண்டு அங்குலம் வெட்டிய பிறகே நல்ல செம்பு தெரிந்தது. முடிச்சுப் போட்டுப் பிடித்துவிட்டேன், குரல் நடுவில் நிற்கிறது. வலப்பக்க வயர் இப்போது சற்றுக் கட்டை. இடப்பக்கத்தை அதற்காக வெட்டப் போவதில்லை.