என்.எஃப்.எஸ். அடைவில் மென்பொருள் நிறுவும்போது ஏற்படும் தாமதம்

கேள்வி:
எங்கள் ஆய்வகத்தின் லினக்ஸ் கணினிகள் அனைத்தும் மென்பொருள் அடைவை ஒரே என்.எஃப்.எஸ். (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) சர்வரிலிருந்து மவுண்ட் செய்கின்றன, அதாவது தம் சொந்த அடைவுபோல இணைத்துக்கொள்கின்றன. ஏறத்தாழ 40,000 சிறு கோப்புகள் கொண்ட பைத்தான் சூழலை அதில் நிறுவ 20 நிமிடம் ஆகிறது. உள்வட்டில் என்றால் 2 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நெட்வொர்க்கின் கொள்ளளவில் கால் பங்குகூடப் பயன்படவில்லை. நிறுவி முடித்த பிறகும், அதற்காகக் காத்திருக்கும் மற்ற கணினிகள் "அப்படியொரு கோப்பு இல்லை" என்றே ஒரு நிமிடம் வரை சொல்கின்றன. எங்கே பார்ப்பது?

மறுமொழி 1:
இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். ஒவ்வொரு சிறு கோப்புக்கும் தேடுதல், உருவாக்குதல், எழுதுதல், கமிட் (வட்டில் பதிந்ததை உறுதிசெய்தல்) எனப் பல முறை சர்வருக்குப் போய்வர வேண்டியிருப்பதாலும், சின்க் முறையில் வட்டில் எழுதிய பிறகே சர்வர் பதில் தருவதாலும், நேரம் காத்திருப்பிலேயே கழிகிறது. கோப்புக்கு 25 மில்லிநொடி என்று வைத்தாலே 40,000 கோப்புகளுக்கு 1,000 நொடி ஆகிவிடும். இதற்கு நெட்வொர்க் கேபிளை மாற்றிப் பயனில்லை.

இரண்டாவது, கேஷ் (மறுபடி கேட்காமலிருக்க விடைகளைத் தற்காலிகமாகச் சேமித்து வைப்பது) தொடர்பானது. கோப்பு உருவாகும் முன்பே தேடிப் பார்த்த கணினி, "இல்லை" என்ற விடையையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. அடைவுகளின் பண்புகளை லினக்ஸ் இயல்பாக 30 முதல் 60 நொடி வரை கேஷில் வைத்திருப்பதால், உங்கள் ஒரு நிமிடம் அங்கிருந்துதான் வருகிறது. மவுண்ட் விருப்பங்களில் லுக்அப்கேஷ் என்பதை "பாஸ்" (pos) என்று அமைத்தால், "இல்லை" என்ற விடையை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும். பண்புகளின் கேஷையே நிறுத்தும் "நோஏசி" வேண்டாம்; அது எழுதுவதையும் சின்க் ஆக்கி, முதல் சிக்கலை இன்னும் மோசமாக்கும்.

மறுமொழி 2:
சர்வரில் எக்ஸ்போர்ட்டை (பகிர்ந்து தரும் அடைவை) ஏசின்க் (வட்டில் எழுதும் முன்பே பதில் தரும் முறை) ஆக்கினால் வேகம் கூடும் என்று பலர் சொல்வார்கள், கூடும்தான். ஆனால் மின்சாரம் போனால், எழுதியாகிவிட்டது என்று சர்வர் சொன்ன தரவும் சேர்ந்து போய்விடும். மென்பொருளை மறுபடி நிறுவிக்கொள்ளலாம்; அதே எக்ஸ்போர்ட்டில் மாணவர்களின் ஆய்வுத் தரவும் இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் உள்வட்டில் நிறுவி, எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி, சர்வருக்குள்ளேயே எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) வழியாக நுழைந்து விரிப்பேன். பைத்தான் சூழல்கள் முழுப் பாதையைத் தமக்குள் எழுதிக்கொள்வதால், உள்வட்டு அடைவைப் பகிர்வு அடைவின் அதே பாதையில் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்துவிட்டு நிறுவுவது அவசியம். இதை மறந்து ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன்.

கேட்டவர்:
சர்வரிலேயே விரித்தேன்; 1 நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இதுவரை நிறுவும் வேலையைச் செய்து, எல்லாவற்றையும் உடனே பார்த்துவந்த முதன்மைக் கணினியும் இப்போது "இல்லை" என்றது! கோப்பை உருவாக்கியது அது அல்ல என்பதால், அதுவும் மற்றவற்றைப் போல, வேறிடத்தில் உருவானதைப் பார்க்கும் ஒரு கிளையன்ட்டாகிவிட்டது (சர்வரைப் பயன்படுத்தும் கணினி) என்று பிறகுதான் புரிந்தது. லுக்அப்கேஷ் மாற்றத்தை அதிலும் செய்த பின் சரியாகிவிட்டது.