எண்பது வயதில் சிறை: பாலியல் வன்கொடுமை வழக்கில் சிக்கும் முதிய பிரபலங்கள்

இளவேனில் (கேள்வி)

அமெரிக்க நகைச்சுவை நடிகர் பில் காஸ்பிக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது வயது 81. பிரிட்டன் ஒலிபரப்பாளர் ஸ்டூவர்ட் ஹாலுக்கு 83. பிரிட்டனில் புகழ்பெற்ற தொலைக்காட்சிக் கலைஞர் ரோல்ஃப் ஹாரிஸுக்கு 84. இப்படி ஒரு வழக்கு வரும்போதெல்லாம் இரண்டே குரல்தான் கேட்கிறது. "சாகப்போற வயசுல உள்ளே தள்ளி யாருக்கு என்ன லாபம்" என்று ஒரு பக்கம். "இத்தனை வருஷம் புகழ் காப்பாத்துச்சு, இனிமே வயசு காப்பாத்தணுமா" என்று இன்னொரு பக்கம்.

நான் தெரிந்துகொள்ள நினைப்பது நடைமுறையை. தண்டனை கணக்கிடும்போது வயது எந்த இடத்தில் உள்ளே வருகிறது? ஹாலுக்கு முதலில் 15 மாதம்தான் கொடுத்தார்கள், அது வயதுக்காகக் காட்டிய இரக்கமா? நடக்க முடியாதவரை, நினைவு தப்பியவரைச் சிறை என்ன செய்யும்? சட்டமும் சிறை நிர்வாகமும் தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

சாட்சிக்கூண்டு

குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி என்று தீர்ப்பானவர் வேறு. விவாதம் பாதி நேரம் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நடக்கிறது. தீர்ப்புக்கு முன்னால் சிறை என்பது தப்பி ஓடுவார், சாட்சியை மிரட்டுவார் போன்ற அச்சம் இருந்தால்தான். அது 30 வயதுக்கும் 80 வயதுக்கும் ஒன்றுதான்.

பெண் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் காஸ்பி மீது 2015 டிசம்பர் 30 அன்று வழக்குப் பதிவானது. ஜாமீன் 10 லட்சம் டாலர். அதில் 10 சதவீதத்தைக் கட்டி, பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். 2017 ஜூனில் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு) ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் முதல் விசாரணை கலைந்தது. 2018 ஏப்ரல் 26 அன்று இரண்டாவது ஜூரி மூன்று குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்றது. அதற்குப் பிறகும் கணுக்காலில் ஜிபிஎஸ் கருவியோடு வீட்டுக்காவல்தான். செப்டம்பர் 25 அன்று தண்டனையை வாசித்த பின்பே கைவிலங்கு. மேல்முறையீடு முடியும்வரை வெளியே இருக்கிறேன் என்று கேட்டதை நீதிபதி ஏற்கவில்லை.

இனி கணக்கு. வழக்கு நடந்த அமெரிக்க மாநிலமான பென்சில்வேனியாவில் அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் 10 ஆண்டு. மூன்று குற்றச்சாட்டும் ஒரே சம்பவம் என்பதால் தண்டனைக்கு ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. வழிகாட்டி நெறி சொன்ன குறைந்தபட்சச் சிறைக்காலம் 22 முதல் 36 மாதம்; கடுமையான அல்லது தணிக்கும் காரணம் இருந்தால் 12 மாதம் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். அரசுத் தரப்பு 5 முதல் 10 ஆண்டு கேட்டது. எதிர்த்தரப்பு வயதையும் பார்வைக் குறைபாட்டையும் சொல்லி வீட்டுக்காவல் கேட்டது. கிடைத்தது 3 முதல் 10 ஆண்டு. அதாவது வழிகாட்டி எல்லைக்குள் நீதிபதி எந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் வயது பேசும். எல்லையைத் தாண்டி அது தானாக எதையும் வாங்கித் தராது.

மூன்று ஆண்டு முடிந்தால் கதவு தானே திறந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2021 மே மாதம் பரோல் வாரியம் மறுத்துவிட்டது. பாலியல் குற்றவாளிகளுக்கான சிகிச்சைத் திட்டத்தில் சேர அவர் மறுத்தது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. "நான் செய்யவே இல்லை" என்ற நிலையில் நிற்பவர் அந்தத் திட்டத்தில் உட்கார முடியாது, உட்காராதவருக்குப் பரோல் கடினம். எந்த வயதுக் கைதிக்கும் இதே முடிச்சு உண்டு.

2021 ஜூன் 30 அன்று அவர் வெளியே வந்ததை "வயசுக்கு இரக்கம்" என்று இன்றும் எழுதுகிறார்கள். இல்லவே இல்லை. 2005ல் இருந்த மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்குப் போடுவதில்லை என்று அறிவித்தார். அதை நம்பி, மௌனம் காக்கும் உரிமையை விட்டுவிட்டு, சிவில் வழக்கில் காஸ்பி வாக்குமூலம் கொடுத்தார். பத்து ஆண்டு கழித்து அந்த வாக்குமூலமே கிரிமினல் வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்பட்டது. அது முறையல்ல என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்து, மறுவிசாரணைக்கும் தடை விதித்தது. முடிவைத் தீர்மானித்தது 2005ல் நடந்த கோளாறு, 2021ல் அவருக்கு ஆன வயது அல்ல.

பழைய ஏடு

ஹால் கேள்விக்கு வருகிறேன். 15 மாதம் ஏன் என்பதற்கு முக்கியமான பதில் பிறந்த தேதியில் இல்லை, குற்றம் நடந்த தேதியில் இருக்கிறது.

இங்கிலாந்தில் பழைய குற்றத்துக்கு, அது நடந்த அன்று சட்டத்தில் இருந்த அதிகபட்சத்தைத் தாண்டித் தண்டிக்க முடியாது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண் மீதான அநாகரிகத் தாக்குதலுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு. 13 வயதுக்குக் கீழான சிறுமி என்றால் 1960க்குப் பிறகு 5 ஆண்டு. 1985 செப்டம்பரில்தான் அது 10 ஆண்டாக உயர்ந்தது. ஹால் ஒப்புக்கொண்ட 14 குற்றங்கள் 1960களின் பிற்பகுதியில் தொடங்கி 1980களின் நடுப்பகுதிவரை நடந்தவை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் கழிவும் உண்டு. அந்தக் குறுகிய கூண்டுக்குள் நின்றுதான் நீதிபதி எண்ணிப் பார்த்தார்.

ஆனாலும் 15 மாதம் குறைவுதான். எப்படிக் குறைந்தது என்றால், தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்கச் சொன்னதால். பாதிக்கப்பட்டவர்கள் 13 பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தண்டனை போட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் மிகப் பெரியது மட்டுமே மிஞ்சும். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் மொத்தம் ஏறும். பிரிட்டனின் விளம்பர முகவர் மேக்ஸ் கிளிஃபர்டுக்கு 2014ல் 8 ஆண்டு வந்தது அப்படி அடுக்கியதால்தான், அவருடைய எட்டுக் குற்றங்களும் அதே பழைய சட்டத்தின் கீழ் வந்தவை என்றபோதும். ஹால் வழக்கில் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் "தண்டனை மிகக் குறைவு" என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றார். 2013 ஜூலையில் 30 மாதமாக இரட்டிப்பானது. இந்த வழியைப் பயன்படுத்த 28 நாள்தான் அவகாசம், யார் வேண்டுமானாலும் அட்டர்னி ஜெனரலுக்கு எழுதிக் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்திருக்க வேண்டும்.

30 மாதம் என்ற எண்ணுக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல், 30க்குக் கீழே என்றால் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் 10 ஆண்டு. 30ஐத் தொட்டுவிட்டால் காலவரையற்ற பதிவு.

வெளியே வரும் நாளையும் சேர்த்துப் பாருங்கள். ஹாரிஸுக்கு 2014 ஜூலையில் 5 ஆண்டு 9 மாதம். பாதியை உள்ளே கழித்து 2017 மே மாதம் நிபந்தனையோடு வெளியே வந்தார். அன்றைய செய்தித்தலைப்பில் வந்த எண்ணை இரண்டால் வகுத்துப் படித்திருந்தால் பாதிக் கோபம் சரியான இடத்துக்குத் திரும்பியிருக்கும்.

வயது ஒரு வரம்பைத் தாண்டினால் சிறையே கிடையாதோ என்றும் கேட்பார்கள். பிரபலம் அல்லாத ஒருவருக்கு 2016ல் பர்மிங்காமில் 13 ஆண்டு விதித்தார்கள். அப்போது அவருக்கு வயது 101.

மருதம்

மேலே எழுதிய இருவரும் சட்டத்தைச் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் சிறைக் கதவுக்குப் பின்னால் நடப்பதையும் பேச வேண்டும். 85 வயதுக்காரருக்குக் கொடுக்கும் ஐந்து ஆண்டும் 35 வயதுக்காரருக்குக் கொடுக்கும் ஐந்து ஆண்டும் காகிதத்தில்தான் சமம். கிளிஃபர்டு 8 ஆண்டுத் தண்டனையை முடிக்கவில்லை. 2017 டிசம்பரில் சிறையில் சுருண்டு விழுந்து, மருத்துவமனையில் இறந்தார். வயது 74.

சிறைக்கட்டடம் இளைஞர்களை மனதில் வைத்துக் கட்டியது. அடுக்குக் கட்டில், படிக்கட்டு, சக்கர நாற்காலி நுழையாத அறைக்கதவு. இரவில் சர்க்கரை இறங்கினால் அழைப்பு மணியை அடித்துவிட்டுக் காவலருக்காகக் காத்திருக்க வேண்டும். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் இரண்டு காவலர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், அத்தனை நேரமும் சிறையில் ஆள் பற்றாக்குறை. மறதிநோய் முற்றியவர் விதியை மீறினால் அது ஒழுங்குமீறலாகப் பதிவாகிறது. அவருக்கு விதி இருந்ததே நினைவில் இல்லை.

பிரான்ஸில் 70ஐத் தாண்டிய கைதி, குறிப்பிட்ட பங்கு தண்டனையை முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமலே நிபந்தனை விடுதலை கேட்கலாம். விசாரணையையும் உடல்நிலைக்கு ஏற்ப அமைக்கிறார்கள். நடிகர் ஜெரார் தெபார்தியூ மீதான பாலியல் தாக்குதல் வழக்கு உடல்நலக் காரணத்தால் 2024 அக்டோபரிலிருந்து 2025 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. மருத்துவ நிபுணர் பரிசோதித்து, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்றார். மே மாதம் நிறுத்திவைக்கப்பட்ட 18 மாதத் தண்டனை வந்தது. அவர் மேல்முறையீடு செய்தார். குற்றவாளி என்ற தீர்ப்பும் பதிவேடும் கண்காணிப்பும் இருந்தால், படுக்கையில் கிடப்பவருக்குச் சிறை அவசியமில்லை என்பது என் நிலை.

சாட்சிக்கூண்டு

மருதம் அவர்களே, படுக்கையில் கிடப்பவர் வரை உங்களோடு உடன்படுகிறேன். அதைத் தாண்டி இல்லை. வழக்கு என்னவென்றே புரியாத நிலைக்குப் போனவரை இங்கிலாந்தில் வழக்கமான விசாரணைக்கு நிறுத்துவதே இல்லை. அந்தச் செயலைச் செய்தாரா என்பதை மட்டும் ஜூரி பார்க்கும். செய்தார் என்றாலும் மருத்துவமனை ஆணை, மேற்பார்வை ஆணை, முழு விடுவிப்பு என்ற மூன்றுக்கு மேல் வழியில்லை. சிறை அங்கே கிடையாது. ஆகவே "நினைவு தப்பியவரையா உள்ளே போடுவது" என்ற வாதம், விசாரணையின்போது தெளிவாக இருந்தவருக்குப் பொருந்தாது.

வீட்டுக்காவலில் சிக்கல் எங்கே என்றால், நிபந்தனை ஒன்றே, வீடு ஒன்றல்ல. ஓர் அறைக் குடித்தனத்தில் கணுக்கால் கருவியோடு இருப்பது தண்டனை. தோட்டமும் பணியாட்களும் உள்ள மாளிகையில் அது ஓய்வு. பல குற்றங்கள் நடந்த இடமே அந்த வீடுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இத்தாலியைப் பாருங்கள். 70 வயதைத் தாண்டியவர் வீட்டிலேயே தண்டனையை அனுபவிக்கலாம் என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் பாலியல் வன்முறைக் குற்றத்தை அந்தச் சலுகையிலிருந்து பெயர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள். வயதானவர் மீண்டும் செய்ய மாட்டார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தண்டனை என்பது இனி நடக்கப்போவதற்கு மட்டும் அல்ல, நடந்ததற்கும்தான்.

நீங்கள் சொன்ன கட்டடப் பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. பென்சில்வேனியாவில் லாரல் ஹைலண்ட்ஸ் சிறையில் முதியவர்களுக்கும் டயாலிசிஸ் தேவைப்படுபவர்களுக்கும் நீண்டகாலப் பராமரிப்பு தருகிறார்கள். ஃபெடரல் கைதி (மாநிலச் சிறையில் அல்லாமல் அமெரிக்க மத்திய அரசின் சிறையில் இருப்பவர்) என்றால், முதுமையைக் காரணம் காட்டி முன்கூட்டியே விடுதலை கேட்க வழிகாட்டி நெறி மூன்றைக் கேட்கிறது: வயது 65, முதுமையால் உடலோ மனமோ கடுமையாகக் குலைந்திருப்பது, 10 ஆண்டு அல்லது தண்டனையில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அதை முடித்திருப்பது. இப்படி அளந்து செய்வதே நியாயம். உள்ளே போகும் வாசலிலேயே வயதைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால், வழக்கை இழுத்தடிக்கப் பணம் உள்ளவருக்கு அது பரிசாகிவிடும். வழக்கறிஞர்களை வைத்து பத்து வருடம் தாக்குப்பிடிப்பது யாரால் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இளவேனில்

மிக்க நன்றி, நிறையத் தெளிந்தது. ஒன்று மட்டும். நாற்பது வருடப் பழைய புகாரில் சாட்சியம் எப்படி நிற்கும்? எல்லோருமே வழக்குப் போட முடிகிறதா?

பழைய ஏடு

இங்கிலாந்தில் இத்தகைய கடும் குற்றங்களுக்கு வழக்குத் தொடரக் காலவரம்பு இல்லை, அதனால்தான் அங்கே எண்பது வயதுக்காரர்கள் கூண்டில் நிற்பதை அதிகம் பார்க்கிறீர்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். காஸ்பி மீது ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் புகார் சொன்னார்கள். அவர் மறுத்தார். கிரிமினல் விசாரணைவரை வந்தது ஒரே ஒரு பெண்ணின் வழக்கு. சம்பவம் 2004 ஜனவரி. பென்சில்வேனியாவின் 12 ஆண்டுக் கெடு முடிய சில நாள் இருக்கையில் வழக்குப் பதிவானது. கலிபோர்னியா பாலியல் வன்புணர்வுக்கான காலவரம்பை 2017 முதல் எடுத்துவிட்டது, ஆனால் புதிய குற்றங்களுக்கும் கெடு முடியாதவற்றுக்கும் மட்டும். முடிந்துபோன கெடுவைப் பின்னால் சட்டம் போட்டு உயிர்ப்பிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003லேயே சொல்லிவிட்டது.

பொருள்சான்று இல்லாத இடத்தில் அரசுத் தரப்பு நம்புவது ஒரே மாதிரி அனுபவத்தைச் சொல்லும் மற்ற பெண்களை. காஸ்பியின் இரண்டாவது விசாரணையில் ஐந்து பேர் அப்படி வந்தார்கள். அளவு மீறினால் அதுவே வழக்கைக் கவிழ்க்கும்: ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனின் 23 ஆண்டுத் தண்டனையை நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஏப்ரலில் 4க்கு 3 என்று ரத்து செய்ததற்கு, குற்றப்பத்திரிகையில் இல்லாத சம்பவங்களைச் சொன்ன பெண்களை அனுமதித்தது முக்கியக் காரணம்.

கிரிமினல் கதவு மூடியவர்களுக்கு மிஞ்சுவது சிவில் வழக்கு. 1975ல் பதினாறு வயதுச் சிறுமியாக இருந்த ஒருவருக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2022 ஜூனில் சாண்டா மோனிகா ஜூரி காஸ்பிக்கு எதிராகச் சொன்னது அப்படித்தான். அங்கே நிரூபிக்க வேண்டிய அளவு குறைவு, எதிர்த்தரப்பின் வயதும் உடல்நிலையும் தொகையைக் குறைக்காது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் கிரிமினல் வழக்கு அன்றோடு முடியும். சிவில் வழக்கை அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது தொடரலாம். அதற்கும் தனிக் கெடு உண்டு, ஆகவே புகார் சொல்ல முடிவெடுத்தவர் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது சம்பவ ஆண்டுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை.