கவுன்ட் ஏறிய பிறகும் காத்திருக்கணும் – மஜ்ஜை மாற்று அனுபவங்கள்

கொங்குமலர்:
என் கணவருக்கு ஏஎம்எல்ங்கிற ரத்தப் புற்றுநோய். நாத்தனார்தான் ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்குற மூல செல்) கொடுத்தாங்க. நியூட்ரோபில்ங்கிற வெள்ளை அணுவோட கவுன்ட் 500-ஐத் தாண்டி அடுத்தடுத்து மூணு நாள் நின்னதும், "செல் பிடிச்சிடுச்சும்மா"ன்னார் டாக்டர். சொந்தக்காரங்க பழக்கூடையோட கிளம்பிட்டாங்க. எல்லாரையும் வாசல்லயே நிறுத்தினேன். கோபம்தான், பரவாயில்லை.

நியூட்ரோபில் வந்தா பாக்டீரியாவுக்குத்தான் ஓரளவு தைரியம். நோயை எதிர்க்கிற மத்த வெள்ளை அணுக்கள்ல, என்கே செல் ஓரிரு மாசத்துல வந்துடும். ஆன்டிபாடி செய்யுற பி செல்லுக்கு ஆறு மாசம், ஒரு வருஷம்னு ஆகும். டி செல்லுல ஒரு வகையான சிடி4 செல்தான் கடைசி. பெரியவங்களுக்கு, டி செல் பக்குவமாகுற தைமஸ் சுரப்பி சுருங்கிப்போயிருக்கிறதால ஒரு வருஷத்துக்கு மேலகூட இழுக்கும்.

அந்த நேரத்துலதான் சிஎம்விங்கிற வைரஸ் வந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வாராவாரம் எடுக்கிற பிசிஆர் ரத்தப் பரிசோதனையிலதான் தெரிஞ்சது. "வெளியவே போகலையே, எப்படிடா வந்துச்சு?"ன்னு மாமியார் அழுதாங்க. வெளியிலிருந்து வரணும்னே இல்லை. என்னைக்கோ உடம்புக்குள்ள புகுந்து ஒடுங்கிக் கிடந்த வைரஸ், டி செல் இல்லாததால எழுந்துக்குது. அதுக்குக் கான்சைக்ளோவிர்ங்கிற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஏத்தினா, பாடுபட்டு ஏறின கவுன்ட் திரும்ப இறங்குது. எங்களை ரொம்ப உலுக்கினது அந்த வாரங்கள்தான்.

இன்னொண்ணு: எதிர்ப்புச் சக்தியை அடக்குற சைக்ளோஸ்போரின் மருந்து ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு லெவல் பார்க்கிற அன்னைக்குக் காலை மாத்திரையைப் போடாம ரத்தம் கொடுக்கணும். மாத்திரையும் தண்ணி பாட்டிலும் என் பையிலயே இருக்கும். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே முழுங்குவார்.

ஆம்பூர் அம்மா:
என் பொண்ணுக்குத் தலசீமியா, ரத்தம் சரியா ஊறாத பரம்பரை நோய். அண்ணனோட மஜ்ஜை, வேலூர் சிஎம்சியில். 1986-லேயே அங்கே இந்த சிகிச்சை தொடங்கியாச்சு. கைக்குழந்தையில போட்ட தடுப்பூசிப் பாதுகாப்பு பெரும்பாலும் போயிடும், முதல்லயிருந்து போடணும்னாங்க. தட்டம்மை ஊசி உயிருள்ள கிருமி. அதனால ரெண்டு வருஷம் கழிச்சுத்தான், அதுவும் ஜிவிஹெச்டி (கொடுத்தவங்களோட செல் நோயாளி உடம்பைத் தாக்குறது) இல்லாம, எதிர்ப்பை அடக்கிற மாத்திரையும் நின்ன பிறகு. அதுவரை பள்ளியில யாருக்காவது அம்மை, சொறின்னா உடனே சொல்லுங்கன்னு டீச்சர்கிட்ட எழுதியே கொடுத்திருந்தேன்.

மலர், வீட்ல சின்னக் குழந்தை இருக்கா? போலியோ சொட்டு மருந்தும் உயிருள்ள வைரஸ்தான், போட்டா அந்த வைரஸ் மலத்துல சில வாரம் வெளியேறும். ஊசியா போடலாமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க.

கொங்குமலர்:
கொழுந்தனார் குழந்தை இங்கேதான் இருக்கு அக்கா. இதை எங்களுக்கு யாரும் சொல்லலை. ஞாயிறு முகாமுக்குத் தூக்கிட்டுப் போறதா இருந்தாங்க. இப்பவே டாக்டருக்குப் போன் பண்றேன்.