கருப்பை உட்சுவர் 6 மி.மீ.தான்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அக்கா, தங்கைகளே, குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். வயது 33. கல்யாணமாகி 7 வருடம். வேலூரில் ஐ.வி.எஃப். (கருவை வெளியே உருவாக்கி கருப்பையில் வைப்பது) சிகிச்சை நடக்கிறது.

முட்டை வளர ஊசி போட்ட மாதம் உட்சுவரைப் பக்குவப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சீக்கிரமே ஏறிவிட்டது. அப்படி ஏறினால் உட்சுவர் கருவை முந்திக்கொண்டு பக்குவமாகிவிடும், ஒட்டுகிற நாள் தவறிவிடும் என்று டாக்டரம்மா கருக்களை உறைய வைத்துவிட்டார். அது சரியென்றே பட்டது.

இப்போது உட்சுவர் வளர ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. 14 நாள் விழுங்கியும் நேற்று ஸ்கேனில் 6.1 மி.மீ.தான். 7-ஐத் தாண்டி, மூன்று கோடாகத் தெரிந்தால் நல்லதாம். திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா வருவதற்குள் அந்தத் தாளை நாலு தடவை பிரித்துப் பார்த்துவிட்டேன். வீட்டில் அத்தை கேட்டதற்கு, “இன்னும் கொஞ்சம் வளரணுமாம்” என்று மட்டும் சொன்னேன்.

முன்பு முட்டை வளர குளோமிஃபீன் மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் இப்படித்தான் மெலிந்திருந்தது. அந்த மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

மாத்திரைக்குப் பதிலாக வயிற்றில் ஒட்டும் பேட்ச் அல்லது பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் மாத்திரை யாருக்காவது பலன் தந்ததா? மருந்தில்லாமல் இயற்கைச் சுழற்சியிலேயே கருவை வைத்துக்கொண்டவர்கள் உண்டா? 7-க்குக் கீழே இருந்தும் கரு தங்கியவர்கள் கட்டாயம் எழுதுங்கள். வியாழக்கிழமை மறுபடி ஸ்கேன். அதற்குள் தெரிந்தால் டாக்டரம்மாவிடம் கேட்டுவிடுவேன்.