850 டர்போ: ஸ்கீ-டூ சம்மிட்டா, போலாரிஸ் பூஸ்டா? ரெவெல்ஸ்டோக் பக்கம் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

கொங்குநாட்டான் (கால்கரி)

வணக்கம். மூன்று குளிர்காலமாக ஒரு பழைய 600 சிசி ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் வண்டி) மலை ஏறிக்கொண்டிருக்கிறேன். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கிடையாது. பனியைப் பற்றி வண்டியைத் தள்ளும் டிராக் 146 அங்குல நீளம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கோல்டன், ரெவெல்ஸ்டோக் இரண்டும்தான் எங்களுக்கு வழக்கமான இடங்கள். வருடத்துக்கு ஒரு முறை வயோமிங்கில் டோக்வோட்டி கணவாய்ப் பக்கமும் போகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

போன பிப்ரவரியில் ரெவெல்ஸ்டோக் பக்கம் பவுல்டர் மலையில், கூட வந்த இரண்டு பேரும் புது டர்போவில் ஒரே மூச்சில் ஏறிய சரிவில் எனக்குப் பாதியிலேயே இழுவை போய்விட்டது. வண்டி இடுப்பளவு பனியில் புதைந்தது. தோண்டி, திருப்பி, கீழே இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடுத்தது டர்போதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எது என்பதில்தான் குழப்பம். ஸ்கீ-டூ சம்மிட் 850 இ-டெக் டர்போ ஆர் ஒரு பக்கம், போலாரிஸ் பேட்ரியட் பூஸ்ட் 850 இன்னொரு பக்கம். ஸ்கீ-டூ 180 குதிரைத்திறன் என்கிறது. போலாரிஸ் 10,000 அடியில் 50 சதவீதம் கூடுதல் என்கிறது. இந்த இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? என் எடை 64 கிலோ. கவிழ்ந்த வண்டியைத் தனியாகப் புரட்ட எனக்குத் தெம்பு போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு நடுவில் பழைய யமஹா சைட்வைண்டர் ஒன்று, நான்கு ஸ்ட்ரோக் டர்போ, நல்ல விலைக்கு வருகிறது. அதை எடுக்கலாமா? மார்ச்சில் முன்பதிவு தொடங்கிவிடும். ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பருத்தித்துறைக்காரன் (கம்லூப்ஸ்)

தம்பி, முதலில் அந்த இரண்டு எண்களையும் ஒரே உயரத்தில் வைத்துப் பாருங்கள். குழப்பத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் பலத்தை இழக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, அதுதான் காரணம். கடல் மட்டத்தில் 165 குதிரைத்திறன் தரும் ஒரு 850, 7,000 அடியில் 130-க்கு வந்துவிடும். டோக்வோட்டி கணவாயின் உச்சி 9,600 அடிக்கு மேல். அங்கே அதே என்ஜின் 117 தந்தால் பெரிய விஷயம். உங்கள் 600 பவுல்டரில் பாதியில் நின்றதில் வியப்பில்லை.

2020 மாடலாக ஸ்கீ-டூ ஒரு டர்போவைக் கொண்டுவந்தது. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் தொழிற்சாலையிலேயே டர்போ பூட்டி வந்த முதல் ஸ்னோமொபைல் அதுதான். அதன் பலமும் 165 மட்டுமே. டர்போ இல்லாத வண்டிக்கும் அதே 165 இருக்க, இதற்கு எதற்குக் கூடுதல் காசு என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். அந்த 165-ஐ அது 8,000 அடி வரை விடாமல் வைத்திருக்கும் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. ரெவெல்ஸ்டோக் உயரத்தில் அது 35 குதிரை கூடுதல். பிறகு 2023 மாடலில் டர்போ ஆர் வந்தது, 180 ஆயிற்று.

போலாரிஸ் 2022 மாடலில் பூஸ்ட்டைக் கொண்டுவந்தது. அவர்கள் சதவீதத்தில் பேசுகிறார்கள்: கடல் மட்டத்தில் 10, 10,000 அடியில் 50. எதைவிட என்று பாருங்கள். தங்களுடைய டர்போ இல்லாத 850-ஐ விட. அந்த 850-ஐயும் 165 என்றே வைத்துக்கொள்வோம். 10,000 அடியில் அது 115-க்கு இறங்கியிருக்கும். அதோடு பாதியைச் சேர்த்தால் 172, 173. இது என் கணக்குத்தான், ஆனால் அந்த 50 சதவீதம் நீங்கள் நினைப்பதுபோல் 180-ஐ விழுங்கும் எண் கிடையாது என்பது இதிலேயே தெரியும். ரெவெல்ஸ்டோக், கோல்டன் இரண்டிலும் நீங்கள் பெரும்பாலும் 6,000 முதல் 7,500 அடிக்குள்தான் ஓட்டுவீர்கள். அந்த உயரத்தில் இரண்டு வண்டியிலும் பலம் போதாது என்று ஒரு நாளும் சொல்லமாட்டீர்கள்.

பலம் எப்படி வருகிறது என்பதில்தான் வேறுபாடு. என்னிடம் 2021 சம்மிட் டர்போ, 165 அங்குல டிராக். மச்சானிடம் பூஸ்ட். இரண்டு குளிர்காலம் மாற்றி மாற்றி ஓட்டினோம். சம்மிட்டில் டர்போ இருப்பதே தெரியாது. வேகம் கொடுக்கும் நெம்புகோலைக் கட்டைவிரலால் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு இழுக்கும். மரங்களுக்கு நடுவே மெதுவாக வளைந்து ஏறும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்பது சாயங்காலம் கை வலிக்காமல் வீடு திரும்பும்போது தெரியும். பூஸ்ட்டில் நடுப்பகுதியில் ஒரு தள்ளு இருக்கிறது. மெதுவாக ஓட்டும்போது டர்போவைச் சுற்றிக்கொண்டு காற்று நேரே என்ஜினுக்குப் போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விரலைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியதும் அந்த வழி மூடிக்கொள்ளும், டர்போ முழுதாகப் பிடித்துக்கொள்ளும். திறந்த சரிவில் அந்த இழுவை சரியான சந்தோஷம். அடர்ந்த காட்டில் விரலை வடிவாகப் பழக்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் 64 கிலோ என்பதால் சொல்கிறேன். 165 அங்குல டிராக்குக்குப் போகாதீர்கள். ஸ்கீ-டூவில் 154, போலாரிஸில் 155 எடுங்கள். உங்கள் பாரத்துக்கு அது பனிமேல் நன்றாக மிதக்கும், திருப்பவும் இலகு. புதைந்த வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தும்போது அந்தப் பத்து அங்குலம் முதுகுக்குத் தெரியும்.

ஸ்கீ-டூவில் ஷாட் என்று ஒரு வசதி உண்டு, அது உள்ள வண்டியாகப் பாருங்கள். பாரமான பேட்டரி கிடையாது. காலையில் ஒரு முறை கயிற்றை இழுத்துக் கிளப்பினால், அதன் பிறகு பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு தடவை சரிவில் வண்டி கவிழ்ந்து, கயிறு இருக்கும் பக்கம் கீழே மாட்டிக்கொண்டது. அது வேறொரு பழைய வண்டி. ஒரு காலைப் பனிக்குள் புதைத்து நின்றபடி முப்பது தடவை இழுத்தேன். அன்றிலிருந்து பொத்தான் இல்லாத வண்டியை நான் வாங்குவதில்லை.

சைட்வைண்டர் வேண்டாம். அதன் 998 சிசி மூன்று சிலிண்டர் என்ஜின் அருமையானது, நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நான்கு ஸ்ட்ரோக் என்பதால் மூக்குப் பக்கம் பாரம். ஆழமான பனியில் அந்த மூக்கை நீங்கள் தனியாகத் தூக்க வேண்டிவரும். யமஹா 2025 மாடலோடு வட அமெரிக்காவில் ஸ்னோமொபைலையே நிறுத்திவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைசியாக, வெளியே டர்போ கிட் வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2017-இல் நான் அதைச் செய்தேன். கிட்டை 7,000 அடிக்குச் சரிசெய்து வைத்திருந்தார்கள். ரெவெல்ஸ்டோக் பக்கம் ஃபிரிஸ்பி ரிட்ஜ் போன அன்று காலை, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் மைனஸ் 22. அடர்த்தியான குளிர்காற்று, அதற்கேற்ற பெட்ரோல் என்ஜினுக்குப் போகவில்லை. நான்காவது கிலோமீட்டரில் ஒரு பிஸ்டன் உருகிவிட்டது. இழுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு அன்றைய நாளே போயிற்று. தொழிற்சாலை டர்போவில் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கணினி விடாமல் அளந்து பெட்ரோலை மாற்றிக்கொண்டே இருக்கும். கூடுதல் காசு அதற்குத்தான்.

ஊதக்காற்று (எட்மன்டன்)

அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் பூஸ்ட்டைக் கொஞ்சம் முரட்டு வண்டி மாதிரி சொல்லிவிட்டீர்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் 58 கிலோ. பூஸ்ட்டில் கேயாஸ் என்ற வகை, 155 அங்குல டிராக் ஓட்டுகிறேன், இது மூன்றாவது குளிர்காலம். உடம்பைச் சற்றே சாய்த்தால் போதும், வண்டி பக்கவாட்டில் விழுந்து சரிவைக் குறுக்காகப் பிடித்துக்கொள்கிறது. தோள்பலம் தேவைப்படுவதில்லை. போலாரிஸின் மேட்ரிக்ஸ் என்ற உடற்சட்டத்தில் முழங்கால் படும் இடம் ஒடுக்கமாக இருப்பதால் என்னைப் போலச் சின்ன உடம்புக்குப் பக்கம் மாறி நிற்பது எளிது. விரல் பழக எனக்கு ஐந்தாறு நாள் ஆனது, உண்மைதான். அதன் பிறகு அந்தத் தள்ளு இல்லாத வண்டி தூங்குவதுபோல் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கேயாஸ் முன்பக்கத்தைத் தூக்கி விளையாடுகிறவர்களுக்கானது. நேராக, அமைதியாக ஏற வேண்டுமென்றால் அதே என்ஜினுடன் புரோ என்ற வகை வருகிறது. கொங்குநாட்டான், உங்களுக்கு புரோதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எந்தப் பிராண்டானாலும் இரண்டு விஷயம். 91 ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும், ஊர் பங்கிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம், டிரைவ் பெல்ட். இவ்வளவு பலமும் அந்த ஒரு ரப்பர் பட்டை வழியாகத்தான் டிராக்குக்குப் போகிறது. காலையில் வண்டி சூடாகும் முன் முழு வேகம் கொடுக்காதீர்கள். ஆழமான பனியில் நீண்ட ஏற்றம் ஏறிய பிறகு மேலே இரண்டு நிமிடம் நிறுத்தி ஆறவிடுங்கள். உதிரி பெல்ட் இரண்டு என் பையில் எப்போதும் இருக்கும்.

நான் போலாரிஸ் எடுத்ததற்கு முதல் காரணம் வேறு. அவர்கள் கடை என் வீட்டிலிருந்து இருபது நிமிடம். சனிக்கிழமை ஒரு சாமான் உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் மலையில் இருக்க வேண்டும். உங்களுக்கு எந்தக் கடை பக்கம், அங்கே பழுது பார்க்கிறவர் எப்படி என்று விசாரித்தீர்களா?

கொங்குநாட்டான்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எண்களை ஒரே உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று இரண்டு கடைக்கும் போய் வண்டிமேல் ஏறி நின்று பார்த்தேன். பூஸ்ட்டில் முழங்கால் நன்றாக அடங்குகிறது, அக்கா சொன்னது புரிந்தது. ஆனால் ஸ்கீ-டூ கடையில் பழுது பார்க்கிறவர் அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். பாதிக்கு மேல் சம்மிட் பக்கம் சாய்ந்துவிட்டேன், 154.

அண்ணா, ஒரே ஒரு கேள்வி. பவுல்டரில் நான் மாட்டிய அந்தச் சரிவு கடைசியில் நன்றாகவே செங்குத்து. அதை டர்போ ஆர் 154 ஏறிவிடுமா?

பருத்தித்துறைக்காரன்

ஏறும். அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நீங்கள் புதைந்து தோண்டிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் உங்கள் நண்பர்கள் எங்கே இருந்தார்கள்? உங்களுக்கு மேலே, அதே சரிவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்களா?

பவுல்டரில் ஒரு சரிவுக்கு டர்போ ஹில் என்றே பெயர். 2010 மார்ச் 13 அன்று ஒரு கூட்டம் அங்கே கூடியிருந்தது. கீழே நின்று ஏராளமானோர் வேடிக்கை பார்த்தார்கள், மேலே வண்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. பனிச்சரிவு பிடுங்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், முப்பது பேரளவில் காயப்பட்டார்கள். அப்போது தொழிற்சாலை இரண்டு ஸ்ட்ரோக் டர்போ என்று ஒன்று கிடையாது. அந்தச் சரிவை எட்டக் கைப்பழக்கமும் வேண்டும், கராஜில் உட்கார்ந்து வண்டியைக் குடைகிற ஆளும் வேண்டும். இன்றைக்கு மூன்று குளிர்காலம் ஓட்டிய ஒருவர் முன்பதிவு செய்து வாங்கி, டிசம்பரிலேயே அதே இடத்தில் நிற்கலாம். உங்கள் 600 இதுவரை உங்களை அங்கே போகவிடவில்லை. இனிமேல் நிற்க வேண்டிய இடத்தை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

பனிச்சரிவு ஆபத்தை முன்கூட்டியே அறிவிக்கும் அவலாஞ்ச் கனடாவின் தலைமையகம் ரெவெல்ஸ்டோக்கில்தான் இருக்கிறது. அவர்களுடைய அறிக்கையைக் கிளம்பும் முன் படியுங்கள். ஏஎஸ்டி 1 என்ற பனிச்சரிவுப் பாதுகாப்பு அடிப்படை வகுப்பை வண்டி வரும் முன்பே முடித்துவிடுங்கள். ஸ்னோமொபைல்காரர்களுக்கென்றே நடத்தும் வகுப்புகள் உண்டு. டிரான்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும் கருவி), துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் உடம்போடும் முதுகுப்பையிலும் இருக்கட்டும், வண்டியில் கட்டிவைக்க வேண்டாம். வண்டியும் நீங்களும் வெவ்வேறு இடத்தில் புதையலாம். சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர். ஒருவர் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் காத்திருக்க வேண்டும், அதே சரிவில் மேலே ஏறி உதவ வரக்கூடாது.

கொங்குநாட்டான்

ஆமாம் அண்ணா. ஒருவன் எனக்கு மேலே இரண்டு தடவை சுற்றிவிட்டுத்தான் இறங்கி வந்து தோண்ட உதவினான். அப்போது எங்கள் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. நேற்றிரவு உங்கள் பதிலை மூன்று பேரும் இருக்கும் குழுவில் போட்டேன், வெகுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.

கான்மோரில் ஒரு ஏஎஸ்டி 1 வகுப்பு இருக்கிறது. மூன்று பேருக்கும் இடம் பிடித்துவிட்டோம். சம்மிட் டர்போ ஆர் 154, ஷாட் உடன், முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை போகிறேன். அக்கா, உதிரி பெல்ட்டை வைக்க அதில் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவைக்கிறேன்.

ஊதக்காற்று

நல்லது. கடையில் கேட்கும்போது பெல்ட்டை நீங்களே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. மலையில் கையுறையோடுதான் செய்ய வேண்டிவரும்.