மறு: வளைவு வசூல் – ரேடியோ ரூம் ஓடு எங்கே?

எல்லாருக்கும் வணக்கம்.

ஊர் முகப்பில் வளைவு கட்ட வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று வந்த மடலைப் பார்த்தேன். தரமாட்டேன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஊர்க் கோயில் கொடைக்குப் போய்விட்டு வந்த என் தங்கச்சி, பம்பாய் தாதரில் ரயிலை விட்டு இறங்கினதும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்ன முதல் சேதி இது: "அண்ணே, ரேடியோ ரூம் மொட்டையா நிக்கு. ஓட்டைக் காணோம்."

கழற்றப் போகிறோம் என்று எந்த மடலில் எழுதினீர், செயலாளர் மாப்பிள்ளை? தேதி சொல்லும்.

மஸ்கட்டில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அது சீட்டாடுகிற திண்ணை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. யுத்தம் முடிந்த கையோடு, தாராவியில் ஒரே அறையில் எட்டுப் பேர் ரேஷன் அரிசியைப் பங்கு வைத்துத் தின்ற காலத்தில் நம்மவர்கள் மிச்சம் பிடித்த காசில், ஊரே கூடி ரேடியோ கேட்கக் கட்டின அறை அது. 1944 ஏப்ரலில் விக்டோரியா டாக்கில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது ஷிப்டு மாறியதால் பிழைத்தவர் எங்க அப்பா. கணக்கை அவர்தான் எழுதினார். 1951 நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. சீமை ஓடு, தேக்கு விட்டம், ஏரியல் கம்பி, தபாலாபீசில் கட்டிய ரேடியோ லைசென்ஸ் எல்லாம் ரூபாய் அணா பைசாவில். ஒன்றரை அணா இடிக்கிறது என்று மூன்று ஞாயிறு கூட்டம் போட்டிருக்கிறார்கள், கடைசியில் பார்த்தால் அது திறப்பு விழாவுக்கு வாங்கின சூடம். போன வருஷம் நூலகத்துக்கென்று வாங்கின 2 லட்சத்துக்கு ஒரு வரி கணக்கு வந்ததா?

ஊரில் அப்போது கரண்டு ஏது? சனிக்கிழமை தோறும் லாரி பேட்டரி மாட்டு வண்டியில் டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றி வரும். ஆசிட் தெறித்துத் தெறித்து வண்டிக்காரத் தாத்தா வேட்டி சல்லடைதான். 1952-ல் கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியாகி அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைச் சுருக்கிவிட்டார். ஊர் பேசாமல் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிக்கொண்டது. யுத்தத்தில் பட்டாளத்துக்கென்று ஓடிய நிலையம் 1949-ல் ரேடியோ சிலோன் ஆகியிருந்தது. டில்லிக்காரர்கள் விழித்துக்கொண்டு சினிமாப் பாட்டுப் போடும் விவித் பாரதி தொடங்க 1957 ஆகிவிட்டது. அதற்குள் எங்க அத்தைமார்களுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். கிங்ஸ் சர்க்கிள் அரோராவில் படம் பார்த்துவிட்டு அப்பா பாட்டுப் புத்தகத்தைத் தபாலில் அனுப்புவார், அதில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும் என்று அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கர் குழாய் எந்தத் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும் என்று நடந்த சண்டையை இங்கே கிளற வேண்டாம். இரண்டு மண்டை உடைந்ததோடு போகட்டும்.

வளைவுதான் ஊருக்கு கௌரவம் என்று எழுதிய மேலத்தெரு அண்ணாச்சிக்கு ஒன்று. 60-களின் கடைசியில் இங்கே மதராசி என்று நம்மை விரட்டின நாட்களில் உங்க அப்பா வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பினாரே, பங்காளி வீட்டில் கதவு திறக்கவில்லையே, அவர்கள் எங்கே படுத்துத் தூங்கினார்கள்? நீங்கள் அப்போது கைக்குழந்தை. உங்க அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகக் கூரை ஓடு விஷயம். 1967 தேர்தலில் ரேடியோ ரூம் கூரையின் முன் வரிசை ஓடுகளுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கறுப்பு சிவப்பு அடித்தது எங்க சின்ன அண்ணன் கூட்டம். எத்தனை மழை பெய்தும் அந்தச் சாயம் முழுசாகப் போகவில்லை. செயலாளர் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் தாழ்வாரத்து ஓடு பதினொன்று கறுப்பும் சிவப்புமாக இருக்கிறது என்கிறாள் தங்கச்சி. அவளுக்குக் கண்ணாடி போட்டு ஆறு மாசம்தான் ஆகிறது, நன்றாகவே தெரிகிறது.

தப்பென்றால் தொழுவத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடும், மாப்பிள்ளை. பகலில் எடுக்க வேண்டும். வளைவுக்கு என் பங்கு அதைப் பார்த்த பிறகு வரும்.